உறங்கும் நிலமாம்!

இந்தோனேஷிய மொழியில் ஒரு சொற்றொடர் உண்டு: 'லாஹான் திடூர்'. உறங்கும் நிலம் என்று அர்த்தம். உழப்படாமலும் விதைக்கப்படாமலும் கிடக்கிற பூமியை அந்நாட்டுச் சர்க்கார்க் காரியாலயங்களில் இப்படிக் குறிப்பிடுவது வழக்கம். கேட்கும்போது ஏதோ கவிதைத் துண்டு மாதிரி காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சொல்லைப் போல விஷமம் நிறைந்த சொல்லை நான் அதிகம் கண்டதில்லை. 'பாழ்நிலம்' என்று சொன்னாலும் பாதகமில்லை. பாழாய்ப் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். 'உறங்குகிறது' என்று சொல்லிவிட்டாலோ, தட்டி எழுப்புவதற்கு ஒருவர் தடியோடு புறப்பட்டு விடுகிறார். எழுப்பியவருக்குப் புண்ணியம், எழுந்த நிலத்துக்கு மோட்சம்! நடுவில் அந்த நிலத்தில் விழித்துக்கொண்டிருந்த மனிதர்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

அப்படிப்பட்ட ஓர் ஊரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். 'போகாத ஊருக்கு வழி சொல்வது' என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. நானும் அந்த ஊருக்குப் போகாதவன்தான். ஆனால் வழி சொல்ல நான் வரவில்லை. போகாமலேயே வழி சொன்னவர்கள் மீது வழக்குத் தொடுக்க வந்திருக்கிறேன்.

ஊரின் பெயர் மந்தாங்காய் ஹுலு. 'ஹுலு' என்றால் ஆற்றின் மேல்பக்கம். இந்தோனேஷியாவுக்குச் சொந்தமான போர்னியோப் பகுதியை இப்போது கலிமந்தான் என்கிறார்கள். அதில் மத்திய கலிமந்தான் மாகாணம். அதில் காப்புவாஸ் ஜில்லா. அதே பெயருள்ள ஆற்றின் கரையில் இந்த ஊர். மேற்குக் கலிமந்தானில் ஓடுகிற பெரிய காப்புவாஸ் வேறு. இது தெற்கே ஜாவாக் கடலை நோக்கிப் போகும் ஆறு. ஊரைச் சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் சதுப்பு.

நமக்கு இந்தோனேஷியா என்றால் எது நினைவுக்கு வருகிறது? போரோபுதூர் வரும், பாலித் தீவு வரும். சரித்திர நாவல் வாசித்துப் பழகியவர்களுக்கு 1025ல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் ஸ்ரீவிஜயத்துக்குப் போனது நினைவுக்கு வரும். எங்கள் நாவலாசிரியர் ஜாதிக்கு அந்தக் கப்பல்கள் எவ்வளவு பிழைப்புக் கொடுத்திருக்கின்றன! பாய்மரமும், இளவரசியும், கற்பூரமும், வாள் வீச்சுமாகப் பக்கம் பக்கமாக எழுதலாம். சேற்றைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள்? மந்தாங்காய் ஹுலுவில் கோபுரம் இல்லை, கல்வெட்டு இல்லை, அதை வென்றதாக எந்த ராஜாவும் ஜம்பம் அடித்துக்கொள்ளவில்லை. ஆகவே அது எந்தக் கதையிலும் வரவில்லை. கதையில் வராத ஊரைத் திட்டத்திலிருந்து அழிப்பது சுலபம் என்பதுதான் எனக்கு உறுத்துகிற விஷயம்.

அங்கே வசிப்பவர்கள் ஙாஜு தயாக் என்னும் ஆதிகுடிகள். ஆற்றங்கரையில் கால் ஊன்றிய மர வீடுகள். போக்குவரத்துக்குத் தெரு என்பது ஆறுதான். ஆற்றுத் தண்ணீரோ கஷாயம் மாதிரி கறுத்திருக்கும். அது அழுக்கு அல்ல, காட்டின் சாறு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உதிர்ந்த இலையும் கிளையும் வேரும் தண்ணீருக்குள் அமிழ்ந்து, காற்றுப் படாமல், முழுவதும் மக்காமல், ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. இதற்கு அவர்கள் மொழியில் 'கம்புத்' என்று பெயர். முற்றாக மக்காத கரிமண் என்று நாம் சொல்லலாம். ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இது வளரும். அந்தப் பிரதேசத்தில் சில இடங்களில் இதன் ஆழம் பத்து மீட்டருக்கும் மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள். நம்முடைய சங்க காலமெல்லாம் அதன் மேல் ஏட்டில்தான் அடங்கும்.

இந்தச் சேற்றில் என்ன இருக்கிறது என்று நிபுணர்கள் கேட்டார்கள். ஊர்க்காரர்களைக் கேட்டிருந்தால் விரல் விட்டு எண்ணிக் காட்டியிருப்பார்கள். ஆற்றை ஒட்டிய மேட்டில் ரப்பர்த் தோட்டம், பிரப்பந் தோட்டம். உள்ளே போனால் 'ஜெலுத்தோங்' என்னும் மரம். அதன் பால் ஒரு காலத்தில் உலகமெல்லாம் குழந்தைகள் மென்று துப்பிய சூயிங்கத்துக்கு மூலப்பொருள். 'கெமோர்' என்னும் மரத்தின் பட்டை கொசுவர்த்திச் சுருள் செய்யப் போகிறது. சதுப்பில் முளைக்கும் 'புருன்' என்னும் கோரையைப் பெண்கள் பாயாகவும் கூடையாகவும் முடைகிறார்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக 'பேஜே' என்று ஒன்று. சதுப்பின் நடுவே குளம் தோண்டி விடுவார்கள். மழைக்காலத்தில் வெள்ளம் எங்கும் பரந்து, மீன்களும் அதனோடு பரவும். வெயில் காலத்தில் வெள்ளம் வடிய, மீன்கள் குளத்தில் வந்து சிக்கும். தீனி போடவேண்டாம், காவல் வேண்டாம். தூண்டில் போட்டுக் காத்திருக்கக்கூட வேண்டாம். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். வெள்ளத்தையே வேலைக்காரனாக வைத்துக்கொண்ட புத்திசாலித்தனம் என்று நான் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. ஙாஜு மக்களின் பழைய சமயத்துக்குக் கஹாரிங்கான் என்று பெயர். இறந்தவரை முதலில் புதைத்து, பின்னர் பெருஞ்செலவில் 'திவா' என்னும் சடங்கு நடத்தி, எலும்புகளை எடுத்துச் சிறு மர வீடு ஒன்றில் வைப்பார்கள். நெடுங்காலம் இவர்களைச் சர்க்கார் 'இன்னும் மதம் இல்லாதவர்கள்' என்று கணக்கில் வைத்திருந்தது. 1980ல்தான் இந்து மதத்தின் ஒரு பிரிவாக ஏற்றுக்கொண்டு ஏட்டில் பதிந்தார்கள். மனிதனுக்கு மதம் இல்லை, மண்ணுக்கு விழிப்பு இல்லை! பேரேட்டில் கட்டம் இல்லாத எதுவும் உலகத்தில் இல்லை என்பது காரியாலய வேதாந்தம். பாட்டன் பூட்டன் எலும்புகள் வீடு கட்டிக் குடியிருக்கிற இடத்தைக் காலி நிலம் என்று எழுத ஒரு பேனாவுக்கு எப்படித்தான் மனம் வந்ததோ?

எழுதியாயிற்று. 1995 டிசம்பரில் ஜனாதிபதி சுகார்த்தோ ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். மத்திய கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்பை வடித்து நெல் விளைவிக்கும் திட்டம் அது. அவருடைய நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. 1984ல் அரிசியில் தன்னிறைவு கண்டதற்காக ரோமாபுரியில் உலக உணவு விவசாய ஸ்தாபனத்தின் மேடையில் 1985ல் கௌரவிக்கப்பட்டவர் அவர். பத்து ஆண்டுக்குள் மறுபடி அரிசி இறக்குமதி செய்யவேண்டி வந்தது. ஜாவாவின் வயல்களில் தொழிற்சாலைகளும் வீடுகளும் முளைத்துக்கொண்டிருந்தன. ஆகவே வேறு தீவில் வயல் தேடினார்கள். தேசப்படத்தைப் பார்த்தார்கள், பச்சையாக, காலியாக ஒரு பிரதேசம் தெரிந்தது.

இதிலே வேடிக்கை என்னவென்றால், அதே ஜனாதிபதி 1990ல் இன்னோர் உத்தரவு போட்டிருந்தார். மூன்று மீட்டரும் அதற்கு மேலும் ஆழமான கரிமண் சதுப்பைப் பாதுகாக்கவேண்டும் என்பது அதன் விதி. ஐந்து ஆண்டுக்கு முன்னால் வலது கை எழுதியதை இடது கை அழித்தது. சுற்றுச்சூழல் பரிசீலனை முடிவதற்குக் காத்திராமல் 1996 தொடக்கத்திலேயே யந்திரங்கள் இறங்கிவிட்டன. காடு வளர்ப்பதற்கென்று மர வியாபாரிகளிடம் வசூலித்த நிதியிலிருந்து பணம் எடுத்தார்கள். காடு வளர்க்கச் சேர்த்த பணத்தில் காட்டை வெட்டிய சாமர்த்தியத்துக்கு எந்த நாட்டுக் கதையில் உவமை கிடைக்கும்?

நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வாய்க்கால் வெட்டினார்கள். படத்தின்மேல் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்தாற்போல நேர் நேரான வாய்க்கால்கள். இங்கேதான் தஞ்சாவூர்ப் பக்கத்து மடையாள் ஒருவனை அழைத்துக்கொண்டு போயிருந்தால்கூடத் திட்டம் அன்றைக்கே நின்றிருக்கும். கரிமண் சதுப்பு தட்டையான நிலம் அல்ல. இரண்டு ஆறுகளுக்கு நடுவில் அது கவிழ்த்த தாம்பாளம் மாதிரி மெல்ல உயர்ந்து, நடுவிலே மேடாக இருக்கும். மழைநீரைப் பஞ்சு போல உறிஞ்சி அந்த மேடு வைத்துக்கொண்டிருக்கிறது. மேட்டின் உச்சியைக் கிழித்து வாய்க்கால் வெட்டினால் என்ன நடக்கும்? ஆற்றுத் தண்ணீர் மேட்டில் ஏறாது. மேட்டிலிருந்த தண்ணீர்தான் இரண்டு பக்கமும் வடிந்து ஓடும். பாசனத்துக்கென்று வெட்டிய வாய்க்கால் வடிகாலாக முடிந்தது.

வடிந்த கரிமண் அமுங்கும். இதைச் சுமத்திராவில் தோட்டங்களுக்காக வடித்த நிலத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். முதல் ஐந்து ஆண்டில் ஒரு மீட்டருக்கு மேல் தரை இறங்குகிறது. பிறகு ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் வீதம் இறங்கிக்கொண்டே போகிறது. கரிமண் மெல்லியதாக உள்ள இடங்களில் அடியில் கந்தகம் கலந்த களிமண் இருக்கிறது. தண்ணீருக்குள் கிடக்கும்வரை அது பரம சாது. காற்றுப் பட்டதும் கந்தக அமிலமாக மாறும். ஜாவா முதலிய தீவுகளிலிருந்து ஏறத்தாழ அறுபதாயிரம் பேரைக் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்து இந்த மண்ணிலே இறக்கினார்கள். பாவம், அவர்களும் ஏழைகள்; சொந்தமாய் நிலம் கிடைக்கும் என்று நம்பி வந்தவர்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நாற்று நட்டார்கள், மஞ்சளாகிப் போயிற்று. பல பேர் ஊரைப் பார்க்கத் திரும்பினார்கள்.

ஊர்க்காரர்கள் கதை என்ன? வாய்க்கால்கள் ரப்பர்த் தோட்டத்தையும் பிரப்பந் தோட்டத்தையும் மீன் குளங்களையும் ஊடுருவிச் சென்றன. வெள்ளம் வராமல் போன இடத்தில் மீன் எங்கிருந்து வரும்? அந்தப் பகுதி ஜனங்கள் நஷ்ட ஈடு கேட்டு ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். 1998 மே மாதம் சுகார்த்தோ பதவியை விட்டார். 1999க்குள் திட்டமும் முடித்து வைக்கப்பட்டது. கோப்பை மூடினார்கள், வாய்க்கால்களை மூட மறந்துவிட்டார்கள்.

அதற்கு முன்பே நெருப்பு வந்துவிட்டது. 1997ல் மழை பொய்த்தது. காய்ந்த கரிமண் விறகாயிற்று. மேலே அணைத்தாலும் அடியிலே கனன்றுகொண்டு, ஓரிடத்தில் புகுந்து வேறிடத்தில் தலை நீட்டும் நெருப்பு அது. அந்த ஓர் ஆண்டில் இந்தோனேஷியச் சதுப்புகளிலிருந்து வெளியேறிய கரி, உலகம் முழுவதும் ஓர் ஆண்டில் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வெளியேற்றுவதில் 13 முதல் 40 சதவிகிதம் என்று விஞ்ஞானிகள் 2002ல் கணக்கிட்டு வெளியிட்டார்கள். 2015ல் மறுபடி எரிந்தது. நாடு முழுவதும் 26 லட்சம் ஹெக்டேர். நஷ்டம் 1,600 கோடி டாலர் என்று உலக பாங்கு மதிப்பிட்டது. பட்டப்பகலில் மாகாணத் தலைநகரான பலங்கராயாவில் மஞ்சள் புகை கவிந்து நின்றது. குழந்தைகள் மூச்சுத் திணறின.

நெருப்பு வைத்தவன் யார் என்று அப்போது பெரிய விசாரணை. கம்பெனிக்காரனும் வைத்தான், குடியேறியவனும் வைத்தான், ஊர்க்காரனும் வைத்திருக்கலாம். காட்டில் ஒரு மூலையை எரித்து நெல் விதைப்பது அவன் பரம்பரை வழக்கம். ஆனால் ஈரச் சதுப்பில் தீப்பெட்டியைப் பெட்டியோடு கொளுத்திப் போட்டாலும் பற்றாது. அத்தனை தலைமுறையும் பற்றவில்லை. தீக்குச்சி கிழித்தவனைத் தேடுகிறவர்கள், அடுப்புக் கட்டி, விறகை உலர்த்தி அடுக்கி வைத்தவனைப் பற்றி ஏன் கேட்பதில்லை? 2015க்குப் பிறகு தீ மூட்டக் கூடாது என்று கண்டிப்பு வந்தது. காணி நிலத்தில் நெல் விதைக்கிற ஏழையும் அந்தக் கண்டிப்பில் அகப்பட்டான். அடுப்புக் கட்டியவர்கள் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டார்கள்.

கெடுத்தவர்கள் கதை இப்படி என்றால், காப்பாற்ற வந்தவர்கள் கதையும் ரசமானது. 2007ல் ஆஸ்திரேலிய சர்க்கார் இந்தோனேஷியாவோடு சேர்ந்து இதே மந்தாங்காய் வட்டாரத்தில் ஒரு திட்டம் அறிவித்தது. இரண்டு லட்சம் ஹெக்டேர் சதுப்பை மறுபடி நனைப்பது, பத்துக் கோடி மரம் நடுவது, கரி காற்றில் கலக்காமல் தடுத்து அதற்கு விலை பேசுவது. பிறகு சத்தமில்லாமல் குறிக்கோள் சுருங்கிற்று. 2014ல் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். முதலில் வந்தவர்களுக்கு அந்த ஊர் காலி நிலமாகத் தெரிந்தது. பின்னால் வந்தவர்களுக்குக் கரிக் கிடங்காகத் தெரிந்தது. இரு சாராருக்கும் அது ஊராகத் தெரியவில்லை. போதாக்குறைக்கு, 2020ல் அதே பழைய திட்டப் பிரதேசத்தின் ஒரு பகுதியைச் சேர்த்து மறுபடியும் பெரிய உணவுப் பண்ணை என்று அறிவித்தார்கள். மறுபடியும் யாரோ தேசப்படத்தைப் பார்த்துவிட்டார்கள்!

"தேசம் பட்டினி கிடக்கலாமா? அரிசி வேண்டாமா? நாலு பேர் மீன் பிடிப்பதற்காகக் கோடிக்கணக்கானவர்கள் சோற்றை விட்டுக்கொடுப்பதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். சதுப்பிலே நெல் விளையாது என்று நான் சொல்லவில்லை. அதே ஆறுகளின் கீழ்ப்பகுதியில், கடலேற்றம் ஆற்றுத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வருகிற இடங்களில், பஞ்சார் என்னும் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவிக்கிறார்கள். 'ஹண்டில்' என்று ஒரு வாய்க்கால். ஆற்றிலிருந்து உள்நோக்கி, ஊரார் கூடிக் கையால் வெட்டுவது. கரிமண் மெல்லியதாக உள்ள மட்டும் போய் அங்கேயே நின்றுவிடும். நாற்றை ஒரே தடவையில் நட்டுவிட மாட்டார்கள். முதலில் காய்ந்த மேட்டில் விதைத்து, பிடுங்கி வேறிடத்தில் நட்டு, பிறகு இன்னும் ஓர் இடத்தில் பிரித்து நட்டு, இடுப்பளவு உயர்ந்த பிறகே வயலில் இறக்குவார்கள். வயல் தண்ணீர் வடிவதும் நாற்று வளர்வதும் ஒத்துப்போகும். ஏர் பூட்டி உழுவதும் கிடையாது. 'தாஜாக்' என்ற நீண்ட அரிவாளால் களையைத் தரையோடு வீசி அறுத்து, உருண்டையாகச் சுருட்டி மக்கவிட்டு, அதையே எருவாகப் பரப்புவார்கள். ஆழ உழுதால் அடிக் களிமண்ணின் அமிலம் கிளம்பும் என்பது எந்தப் பரிசோதனைச் சாலையும் இல்லாமலே அவர்களுக்குத் தெரியும். டச்சுக்காரர்கள் 1890ல் வெட்டி முடித்த செரப்பாத் கால்வாயின் இரு கரையிலும் இவர்கள்தான் ஹண்டில் வெட்டிக் குடியேறினார்கள்.

ஆகவே தகராறு நெல்லுக்கும் மீனுக்கும் அல்ல. வாய்க்காலுக்கும் காட்டுக்கும்கூட அல்ல. எந்த இடத்தில் வாய்க்கால் நிற்கவேண்டும் என்று தெரிந்தவனுக்கும், எங்கேயும் நிற்கவேண்டியதில்லை என்று கோடு கிழித்தவனுக்கும் நடக்கிற தகராறு. நாவல் எழுதுகிறவனுக்கு இந்தக் குற்றம் நன்றாகத் தெரியும். பாத்திரங்கள் யார், என்ன நினைக்கிறார்கள் என்று ஒரு வரி எழுதுமுன்பே கடைசி அத்தியாயத்தை எழுதி வைத்துக்கொள்கிற ஆசிரியர்கள் எங்களிடையே உண்டு. அந்தக் கதை குப்பைக் கூடைக்குப் போகும். ஒரு ரீம் காகிதம்தான் நஷ்டம். சர்க்கார் அப்படி எழுதினால் ஆறு ஜில்லா எரிகிறது.

இதெல்லாம் எங்கோ நடக்கிற விவகாரம் என்று சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொள்ளப் போகிறீர்களா? சற்றுப் பொறுங்கள். உலகத்தில் பாமாயிலை அதிகமாக உற்பத்தி செய்கிற நாடு இந்தோனேஷியா. அதிகமாக இறக்குமதி செய்கிற நாடு நம் நாடு. ரேஷன் கடையில் தருகிறார்களே, அதே பாமாயில்தான். பஜ்ஜியிலும் பிஸ்கோத்திலும் சோப்பிலும் அது இருக்கிறது. சுமத்திராவிலும் கலிமந்தானிலும் வடித்து உலர்த்திய சதுப்புகளின்மேல் பனை நட்டு எடுத்த எண்ணெயும் அதில் கலந்துதான் வருகிறது. ஏழையின் தாளிப்பைப் பறிக்க நான் வரவில்லை. எந்த நிலத்து எண்ணெய், யாருடைய வெள்ளத்தை வடித்து எடுத்தது என்று வாங்குகிற நாடு கேட்கலாம், கேட்கவேண்டும். பணம் கொடுக்கிறவன் கேட்காத கேள்வியை விற்கிறவன் தானாகக் கேட்டுக்கொள்ள மாட்டான்.

நம் வீட்டுக் கொல்லையையும் பார்ப்போம். சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு. மழை வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொண்டு நகரத்தைக் காத்த இடம். 'ஒன்றுக்கும் உதவாத நிலம்' என்று நாம் முடிவு செய்தோம். பெருங்குடியில் மலையாகக் குப்பை கொட்டினோம், சாலை போட்டோம், அடுக்குமாடி எழுப்பினோம். 2015ல் வெள்ளம் வீட்டுக்குள் வந்து தன் பழைய விலாசத்தை விசாரித்தது. 2022ல் அதைச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பென்று ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். மீதி இருந்ததைத்தான் சேர்க்க முடிந்தது.

அவர்களுக்கு 'உறங்கும் நிலம்' என்றால் நமக்குப் 'புறம்போக்கு'. ஒரே காரியத்தை இரண்டு பாஷையில் செய்கிறோம். மந்தாங்காய் ஹுலுவில் பிரம்பு அறுக்கிறவனுக்கும் நமக்கும் உறவு இல்லை என்று நினைத்துக்கொள்கிறவர்கள் தங்கள் வீட்டுப் பிரம்பு நாற்காலியையும் தாளிக்கிற வாணலியையும் ஒரு தரம் விசாரிக்கட்டும்.

எனக்கு ஒரே ஒரு கோரிக்கைதான். எந்தச் சர்க்காரானாலும் சரி, ஒரு நிலத்தை உபயோகமற்றது என்று கோப்பில் எழுதுமுன், எழுதுகிற உத்தியோகஸ்தர் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அங்கே போய்த் தங்கவேண்டும் என்று சட்டம் வரட்டும். மழையில் மீன் எங்கே போகிறது, கோடையில் எங்கே திரும்புகிறது என்று பார்த்துவிட்டு வந்து எழுதட்டும். அதற்கு அவகாசம் இல்லை, அவசரம் என்பார்கள். அந்தக் கரிமண் ஒரு மீட்டர் வளர எத்தனை நூறு ஆண்டு ஆயிற்று என்பதையும், ஐந்தே ஆண்டில் அந்த ஒரு மீட்டர் எப்படி இறங்கிற்று என்பதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.